அப்பா குடித்துப் பார்த்த தண்ணீர்

என் அப்பாவுக்கு உலகத்தில் இரண்டே தண்ணீர்தான். ஓடுகிற தண்ணீர், நிற்கிற தண்ணீர். ஆறு, வாய்க்கால், ஓடை எல்லாம் ஓடுகிற ஜாதி. குளம், குட்டை, ஏரி எல்லாம் நிற்கிற ஜாதி. எதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாலும் உள்ளங்கையில் ஒரு வாய் ஏந்தி, கண்ணை மூடி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். இது தாமரை பூக்கிற தண்ணீர், இது எருமை படுத்த தண்ணீர், இது புதுத் தண்ணீர், இது போன மாதத்துத் தண்ணீர். அம்பகரத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் யார் கிணறு வெட்டினாலும் முதல் வாய் அப்பாதான் குடிக்க வேண்டும். அவர் நல்ல தண்ணீர் என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர்கள் குடத்தை இறக்குவார்கள். அந்தப் பெருமை அவருக்குத் தலைக்கு ஏறியிருந்தது. வாயில் தண்ணீரை உருட்டும்போது அவர் முகத்தில் வரும் அந்தக் களையை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போவார்கள். போகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பார்களோ இல்லையோ, தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். எத்தனை மா நிலம் என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் தலைப்பு, எந்த மதகு, எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும் என்று கேட்பார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை எப்படி என்று யாராவது கேட்டால், கொல்லையிலேயே ஆறு என்று பதில் வரும். கேட்டவர்களும் அதில் திருப்தியாகித் தலையாட்டுவார்கள். இது வேடிக்கைக்குச் சொல்லவில்லை. என் கலியாணம் அப்படித்தான் நிச்சயமானது.

அப்போது காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் கொடி பறந்துகொண்டிருந்தது. அம்மா செத்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அப்பாவும் நானும் என்னைவிட ரொம்பச் சின்னவளான தங்கையும்தான். தங்கைக்குத் தலை பின்னியது, சோறு ஊட்டியது, அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் நான். காரைக்கால்மேட்டை ஒட்டி, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், தென்னந்தோப்பும் கொஞ்சம் நிலமும் உள்ள வீட்டிலிருந்து என்னைக் கேட்டு வந்தார்கள். தை மாதம். அப்பா இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வண்டி கட்டிப் போனார்.

வீட்டுக் கொல்லை போய் முடிகிற இடத்தில் அகலமாகத் தண்ணீர் கிடந்ததாம். கரை முட்டக் கிடந்ததாம். ஓரத்தில் ஆகாயத்தாமரை மிதந்ததாம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு வாய் ஏந்தி உருட்டிப் பார்த்தார். நல்ல தண்ணீர். பிறகு களத்திலிருந்து ஒரு வைக்கோலை எடுத்துத் தண்ணீரில் போட்டார். வைக்கோல் கிழக்கே, கடலைப் பார்த்துப் போனது. ஓடுகிற தண்ணீர், கடலுக்குப் போகிற தண்ணீர், அப்படியானால் ஆறு என்று முடிவு கட்டிவிட்டார். எமகண்டம் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்று உடனே வண்டியைத் திருப்பிவிட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்த வைக்கோல் போன வழியே திரும்பி வந்திருக்கும். அதைப் பார்த்திருந்தால் என் வாழ்க்கை வேறு எங்கேயோ போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து என்னிடம் அவர் மாப்பிள்ளையின் உயரத்தைச் சொல்லவில்லை, நிறத்தைச் சொல்லவில்லை. "கொல்லையிலேயே ஆறு ஆயி. குடத்தை முக்கி எடுத்தா அடுப்புக்கு வந்துரும். நீ ராணி" என்றார். நானும் பூரித்துப் போனேன். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்.

மாசியில் கலியாணம். போன புதிதில் குறை ஒன்றும் இல்லை. காலையில் கொல்லையில் இறங்கினால் துவைகல், அதைத் தாண்டினால் இடுப்பளவுத் தண்ணீர். பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள் பருப்பு வேகவில்லை. விறகைத் தள்ளித் தள்ளி எரித்தும் பருப்பு கல்லு மாதிரி கிடந்தது. பழைய பருப்பு என்று நினைத்தேன். மறுநாள் தலைக்குச் சீயக்காய் தேய்த்தேன், நுரையே வரவில்லை, தலை சிக்கு பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் பசுமாடு தண்ணீரில் மூக்கை வைத்து, ஒரு தடவை பிர்ரென்று மூச்சு விட்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. எனக்கு முன்னால் அதற்குப் புரிந்துவிட்டது. நான் குனிந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பு.

அதன் பிறகு கண் திறந்து பார்த்தேன். காலையில் வெயிலில் காய்ந்து கிடந்த துவைகல் மத்தியானம் தண்ணீருக்குள் இருந்தது. மறுபடி இருட்டுவதற்குள் வெளியே வந்தது. ஆற்றில் தண்ணீர் இப்படி ஒரு நாளைக்குள் ஏறி இறங்காது. ஆகாயத்தாமரை பழுத்து, கறுத்து, அழுகி நாறியது. கரை வற்றிய இடத்தில் அதுவரை முழுகிக் கிடந்த, உப்பு மண்ணில் முளைக்கிற உமரிச் செடிகள் சிவப்பும் பச்சையுமாக எழுந்து நின்றன. சேறு முழுக்க நண்டு வளை. புடவைக் கரையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. எங்கள் ஊர் ஆற்றில் கெண்டை துள்ளும், இங்கே உப்புத் தண்ணீர் மீனான மடவை துள்ளியது. இது ஆறும் இல்லை, குளமும் இல்லை. கழி. மழைக்காலத்தில் மேற்கேயிருந்து வடிகால் தண்ணீரெல்லாம் வந்து இதில் விழும், அப்போது மேல் தண்ணீர் இனிக்கும். மேலே வரத்து நின்றதும் கடல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓடுவதும் உண்டு, நிற்பதும் உண்டு, பின்னால் திரும்புவதும் உண்டு. அப்பாவின் இரண்டு ஜாதியிலும் அதற்கு இடம் இல்லை.

மாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"நாங்க எப்ப ஆறுன்னோம்? கொல்லையில தண்ணி கெடக்குன்னுதான் சொன்னோம். உங்கப்பாதான் எறங்கிக் குடிச்சாரு, வைக்கோலைப் போட்டாரு, அவரே ஆறுன்னுட்டாரு. அவ்வளவு பெரிய மனுசன் சொல்றப்ப நாங்க இல்லேங்கறதா?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர்கள் யாரும் எதையும் மறைக்கவில்லை. அதனால் அவர்கள் மேல் கோபப்படுவதற்குக்கூட எனக்கு வழி இல்லாமல் போனது.

"அப்ப கோடையில குடிக்கத் தண்ணிக்கு என்ன பண்றீங்க அத்தை?" என்று கேட்டேன்.

"ஊத்துக்குப் போறதுதான். இத்தனை நாளும் நான் போனேன். இனிமே நீ போ" என்றார்.

கிணறும் கழியோடு சேர்ந்து உப்பாகிவிடும். நல்ல தண்ணீர் வேண்டுமானால் கடலைப் பார்த்து நடக்க வேண்டும். கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் அங்கே அப்படித்தான். கடலுக்கு இந்தப் பக்கம் மணல்மேடு, அந்த மணல் மழையைக் குடித்து வைத்திருக்கும். மேட்டின் அடியில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊறும். அலை சத்தம் காதைப் பிளக்கிற இடத்தில் இளநீர் மாதிரித் தண்ணீர், வீட்டுக் கொல்லையில் கிடக்கிற அகலத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதது. கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் கலங்கும். கலங்கினால் தெளிகிற வரைக்கும் உட்கார வேண்டும். காரைக்கால்மேட்டுப் பெண்கள் விடியும் முன்பே வந்து அவரவர் குழியைப் பிடித்துவிடுவார்கள். புதிதாகப் போன எனக்குக் குழி கிடைப்பதற்குள் வெயில் ஏறிவிடும். திரும்பும்போது மணல் காலைச் சுடும். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. வீட்டுக்கு, மாட்டுக்கு, வருகிறவர் போகிறவருக்கு என்று நடை முடியவே முடியாது.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஒரு நாள் மனசு கேட்காமல் மூங்கிலில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மாமியார் ஒப்பாரி வைக்காத குறை. தெருவே வந்து நின்று சிரித்தது. அதற்குப் பிறகு அவர் தூக்கவில்லை. மனசு கேட்காதது மட்டும் பாக்கி இருந்தது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

அந்த வைகாசியில் நான் முழுகாமல் இருந்தேன். மூன்றாம் மாதம். மணல்மேட்டிலிருந்து இறங்கும்போது குடத்தோடு சறுக்கி உட்கார்ந்தேன். குடத்துத் தண்ணீர் கொட்டிப் போனதே என்றுதான் முதலில் அழுதேன். அன்றைக்கு ராத்திரியே பிள்ளையும் போய்விட்டது. இதை இன்னும் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆடிக்கு அழைத்துப்போக அப்பா வந்தார். அதற்குள் மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து, வடிகாலில் விழுந்து, கழியில் மேலாக ஓட ஆரம்பித்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பருப்பு வேகாததிலிருந்து பிள்ளை போனது வரைக்கும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கொல்லைக்குப் போய், இறங்கி, ஒரு வாய் ஏந்தினார். கண்ணை மூடினார். உருட்டினார்.

"கொஞ்சம் சப்புனு இருக்கு. மத்தபடி நல்ல தண்ணிதானே ஆயி?" என்றார். "புகுந்த வீடுன்னா மொதல்ல அப்படித்தான் இருக்கும். மாமியார் மேல உள்ள கோவத்தைத் தண்ணி மேல காட்டாதே."

சீர் கொண்டு வரும் மாதங்களை எண்ணிப் பாருங்கள். ஆடி, கார்த்திகை, தை. மூன்றிலும் கழியில் நல்ல தண்ணீர். பங்குனியிலும் சித்திரையிலும் வைகாசியிலும் பெண் வீட்டுக்குப் போக ஒரு தகப்பனுக்கு எந்தக் காரியமும் இல்லை. எந்தக் காலத்தில் எவன் இந்தச் சீர் வரிசையை எழுதிவைத்தானோ, அவன் பெண்ணைக் கடலோரத்தில் கொடுத்திருக்கமாட்டான். அப்பா வருஷத்துக்கு மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் குடித்துப் பார்த்தார், மூன்று தடவையும் என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டுப் போனார்.

இப்படியே எட்டுப் பத்து வருஷம். இடையில் பிரெஞ்சுக்காரன் போய்விட்டான். ஊரெல்லாம் வெடி போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். அந்த வருஷக் கோடையிலும் நான் அதே மணல்மேட்டுக்குத்தான் போனேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு பையன் பிறந்து தங்கினான். அவனை மாமியாரிடம் விட்டுவிட்டு நடப்பேன், நடை மட்டும் குறையவில்லை.

ஒரு பொங்கலுக்கு அப்பா சீரோடு வந்தபோது மாமியார் பேச்சை எடுத்தார். என் கொழுந்தனுக்குக் காரைக்காலில் சம்பள வேலை கிடைத்திருந்தது. அவனுக்கு என் தங்கையைக் கேட்டார்.

"அக்காளும் தங்கச்சியும் ஒரே வீட்டுல இருந்துட்டுப் போவட்டுமே சம்பந்தி. மூத்தவ வந்து என்ன கொறைஞ்சா போயிட்டா?" என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. பையனுக்குச் சம்பளம், வீட்டுக்குக் கொல்லையில் ஆறு. இரண்டு பெண்களுக்கும் ஒரே வண்டியில் சீர் கொண்டு வந்து இறக்கிவிடலாம். இதைவிட என்ன வேண்டும். ஆனியில் பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

என் தங்கை எப்படிப்பட்டவள் என்று சொல்ல வேண்டும். ஆற்றில் இறங்கினால் உதடு நீலம் பாரிக்கிற வரைக்கும் ஏறமாட்டாள். அதட்டி, கையில் குச்சி எடுத்த பிறகுதான் கரைக்கு வருவாள். ஒல்லி. ஒரு குடம் தூக்கினால் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பாள். அவளை அந்த மணலில் நினைத்துப் பார்த்தேன். நான் பட்டது போதும், இவள் படக்கூடாது. அந்த வருஷம் முழுக்க எனக்கு இருந்தது அந்த ஒரு நினைப்புதான்.

சித்திரையில், கழி நன்றாக உப்பேறிய ஒரு நாள், மூடி போட்ட பித்தளைத் தூக்கில் அந்தத் தண்ணீரை மொண்டுகொண்டு அம்பகரத்தூர் பஸ்ஸில் ஏறினேன். திருநள்ளாற்றில் கூட்டம் ஏறி நெருக்கியபோது தூக்கை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக் காத்தேன். வீட்டுக்குப் போய் அப்பா முன்னால் வைத்தேன். "இது எங்க கொல்லைத் தண்ணி. குடிச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் உருட்டக்கூட இல்லை. நாக்கில் பட்டதும் துப்பிவிட்டார்.

"இது கடல் தண்ணி" என்றார். "எங்கிட்டயே வேலையைக் காட்டுறியா? தங்கச்சி நல்லா இருந்துருவாளோன்னு உனக்குப் பொறாமை."

தங்கை கதவோரம் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சந்தேகம் தட்டியது. அப்பா சொன்னதைவிட அது எனக்கு வலித்தது.

"அப்ப நீங்களே வைகாசியில வந்து உங்க கையால எடுத்துக் குடிச்சுப் பாருங்க. நல்ல தண்ணின்னா நான் இனிமே வாயத் திறக்கமாட்டேன்" என்றேன். தண்ணீர் விஷயத்தில் சவால் விட்டால் அவரால் பின்வாங்க முடியாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வந்தார். வைகாசி நடுவில், வெயில் கொளுத்தும்போது வந்தார். நான் அவரை வீட்டுக்குள்கூட விடவில்லை, நேரே கொல்லைக்குக் கூட்டிப் போனேன். கழி பாதியாக வற்றிக் கிடந்தது. சேற்று நாற்றம். உமரி சிவந்து கிடந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நண்டு வளைகளுக்கு நடுவே கால் வைத்து இறங்கினார். ஒரு வாய் ஏந்தினார். கண்ணை மூடினார். இந்த முறை ரொம்ப நேரம் வாயில் வைத்திருந்தார். பிறகு குனிந்து, ஓசைப்படாமல் துப்பினார்.

நான் விடவில்லை. களத்திலிருந்து ஒரு வைக்கோலைக் கொண்டுவந்து தண்ணீரில் போட்டேன். கடல் ஏற ஆரம்பித்திருந்த நேரம். வைக்கோல் கொஞ்சம் தயங்கி, மேற்கே, எங்கள் ஊர் இருக்கிற திசையைப் பார்த்து நகர்ந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் ஊற்றுத் தண்ணீர் ஒரு செம்பு கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். சாப்பிட்டார். என் பையனைத் தூக்கிக் கொஞ்சினார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் தலையில் கை வைத்து, "ரொம்பக் கஷ்டந்தான் ஆயி" என்றார். கலியாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அவர் போன பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். தங்கை தப்பித்தாள் என்று நினைத்தேன்.

ஆனியில் பாக்கு மாற்ற அப்பா வருகிறார் என்று மாமியார் பாயைத் தட்டிப் போட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. வெற்றிலைத் தட்டோடு, இரண்டு பெரியவர்களோடு, சலவை வேட்டியில் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து கைகழுவக் கொல்லைக்கு வந்தபோது நான் போய் மறித்தேன்.

"உங்க வாயாலயே குடிச்சீங்களே அப்பா."

"குடிச்சேன்."

"உப்புன்னு தெரிஞ்சுதா இல்லையா?"

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். அவசரமே இல்லாமல், விரல் விரலாகத் துடைத்தார்.

"எனக்கு மொத வருசமே தெரியும். இங்கேருந்து கூடையைத் தூக்கிக்கிட்டு நம்ம ஊருக்கு வருவாளே மீன்காரி, அவ சொன்னா. நான் கழியைப் பாத்து ஆறுன்னுட்டேன்னு இங்க ஊருக்குள்ள சிரிக்கிறாங்கன்னா. தாலி கட்டியாச்சு, அதுக்கப்பறம் தெரிஞ்சு என்ன பண்றது? உன்னைத் திருப்பியா கூட்டிட்டுப் போவ முடியும்?"

நான் தூக்கில் கொண்டுபோன தண்ணீர் எது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டுதான் கடல் தண்ணீர் என்று சொல்லி, தங்கை எதிரில் என்னைப் பொறாமைக்காரி ஆக்கினார். வருஷத்துக்கு மூன்று தடவை கண்ணை மூடி உருட்டியதெல்லாம் வேஷம். "என்னை விடுங்க. அவளை ஏன்? தெரிஞ்சே ஏன் இங்க தள்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. நல்லது செய்கிறோம் என்று நம்புகிற முகம்.

"உனக்காகத்தான் ஆயி. வைகாசியில உன்னைப் பாத்தேன்ல, ஓடாத் தேஞ்சு போயிட்டே. ரெண்டு பேரா இருந்தா தண்ணி தூக்க உனக்கு ஒத்தாசையா இருக்கும்ல?"

நான் வேண்டாம் என்று கத்தினேன். மாமியார் ஓடிவந்தார், பெரியவர்கள் எட்டிப் பார்த்தார்கள், என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் இப்படியா என்று எல்லாரும் சொன்னார்கள். ஆவணியில் கலியாணம் நடந்தது. கழியில் அப்போது நல்ல தண்ணீர் ஓடியது. தங்கை கொல்லையில் இறங்கி, மஞ்சள் கயிறு நனைய, சிறு பிள்ளை மாதிரி குளித்தாள். உதடு நீலம் பாரிக்கிற வரைக்கும் ஏறவில்லை. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கூப்பிடவில்லை.

அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கலியாணத்தைத் தடுக்கப் பார்த்தவள் என்று அவளுக்கு மனத்தாங்கல் இருக்கும், கோடை வந்தால் அவளே புரிந்துகொள்வாள் என்று நான் சும்மா இருந்தேன். பங்குனி வந்தது. பருப்பு வேகவில்லை. ஒரு விடியற்காலையில் ஆளுக்கு இரண்டு குடத்தோடு கிளம்பினோம். ஊற்றில் எப்படிக் கையை வைத்துத் தோண்ட வேண்டும், எங்கே கலங்கும், எங்கே கலங்காது என்று காட்டிக் கொடுத்தேன். கேட்டுக்கொண்டாள். திரும்பும்போது பாதி மணலில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"இப்பப் புரியுதா நான் ஏன் கத்துனேன்னு?" என்று கேட்டேன்.

அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"புரியுதுக்கா. சித்திரையில வேணாம்னு வந்த நீதான் அப்பறம் என்னைக் கேட்டியாம், பாக்கு மாத்துறப்ப மனசு கேக்காம வேணாம்னு கத்துனியாம். அப்பா எல்லாம் சொன்னாங்க."

"நான் கேட்டேனா? என்னன்னு?"

"தண்ணி தூக்க முடியலை, தங்கச்சியை அனுப்புங்கன்னு அழுதியாம். வைகாசியில வந்தப்ப." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் மொதல்ல உம்மேல கோவமாத்தான் இருந்தேன். இன்னிக்கு இந்தக் குடத்தைத் தூக்குனப்பதான் தெரியுது. நீ ஒத்தையா எவ்வளவு பட்டிருப்பே. பரவால்லைக்கா, விடு."

நான் கேட்கவில்லை என்று சொன்னேன். அம்மா மேல் சத்தியம் செய்தேன். என் பையன் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்றேன். அவள் அவசரமாக என் வாயைப் பொத்தினாள். "அதெல்லாம் எதுக்குக்கா, நான்தான் விட்டுட்டேனே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு பொல்லாப்பும் இல்லை, அதுதான் கொடுமை. எழுந்து குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். எனக்கு முன்னால் நடந்தாள்.

அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது, எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஊற்று என்றால் என்னவென்றே தெரியாது. தங்கைக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் இல்லை. என்மேல் உயிராகத்தான் இருக்கிறாள். என் உடம்பு சரியில்லை என்றால் அவள்தான் முதலில் வந்து நிற்பாள், என் தலையைக் கோதிக்கொண்டே பழைய கதை பேசுவாள், பேச்சு அந்தக் கோடையிடம் வந்ததும் சட்டென்று நிறுத்தி வேறு பேச்சுக்கு மாறுவாள். எனக்குச் சங்கடமாக இருக்குமாம். அவள் என்னை மன்னித்துவிட்டாள். இன்றுவரைக்கும் மன்னித்துக்கொண்டே இருக்கிறாள்.